பேணாட் வேலைக்குப் போன சனிக்கிழமை

பாலையூற்றில் பேணாட்டின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் நாலு பேர் மேசையைச் சுற்றி இருந்து கப்பல் ஆட்டம் ஆடுவார்கள். பேணாட் துறைமுகப் பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறவன். அவனுடைய மனைவி எல்சி கத்தோலிக்கக் கோயிலடிப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். மற்ற இருவரும் பட்டறைச் சிநேகிதர்கள். ஒருவன் இரும்பு வார்க்கும் ஆரியதாச. மாத்தறைப் பக்கத்துச் சிங்களவன், இரண்டாம் உலக யுத்த காலத்தில் இளந்தாரியாக வேலைக்கு வந்து தொழிலோடு சேர்த்துத் தமிழையும் பழகிக்கொண்டவன். மற்றவர் இழுவைப் படகு ஓட்டும் ஸஹாப்தீன். கிண்ணியாக்காரர், நால்வரிலும் மூத்தவர்.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன ஐம்பத்தேழாம் ஆண்டில், பட்டறையில் மேற்பார்வை பார்த்த ஒரு ஆங்கிலேயன் சாமான் கட்டும்போது அந்த ஆட்டப் பலகையைப் பேணாட்டிடம் கொடுத்துவிட்டுப் போனான். நீலம் பூசிய பலகையில் ஒரு கடல். அதைச் சுற்றித் துறைமுகங்கள். நாலு நிறத்தில் ஈயக் கப்பல்கள். ஒருவர் மற்றவரோடு கூட்டுச் சேர விரும்பினால் இருவரும் ஆளுக்கொரு சின்னக் கொடியை மாற்றிக்கொள்ள வேண்டும். கூட்டு வேண்டாம் என்றால் கொடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தக் கையோடேயே அடிக்கலாம். அதற்குத் தண்டனை எதுவும் கிடையாது.

பேணாட் ஒருநாளும் கொடியைத் திருப்பிக் கொடுத்ததில்லை. அதனால் ஒருநாளும் வென்றதுமில்லை. அநேகமாக எல்சிதான் வெல்வாள். சிரித்த முகத்தோடு கொடியை நீட்டுவாள். அடுத்த நிமிடம் எதிரே இருப்பவரின் துறைமுகம் போய்விடும்.

"இது என்ன ஆட்டம்! நேற்று வரைக்கும் பக்கத்தில நிண்டவனை அடிக்கிறதுக்கு ஒரு சட்டம்" என்று பேணாட் சலித்துக்கொள்வான்.

"சண்டை அப்பிடித்தான் தம்பி" என்றார் ஸஹாப்தீன் ஒரு நாள். "நாப்பத்திநாலில ஒரு பெரிய பிரெஞ்சுப் போர்க்கப்பல் நம்மட துறைக்கு வந்திச்சு. நான்தான் தண்ணி கொண்டு போனது. மாலுமிமாருக்குத் தொப்பியில சிவப்புக் குஞ்சம். அதில ஒருத்தன் காற்சட்டையைத் தூக்கிக் காட்டினான். முழங்காலுக்குக் கீழ சதையே இல்ல. ஆர் செஞ்சதெண்டு கேட்டா, கரையில நிண்ட இங்கிலீசுக்காரனைக் காட்டுறான். நாப்பதாம் ஆண்டு இவங்கதான் அவங்கட கப்பலுக்கு அடிச்சிருக்கிறாங்க. அதுக்கு முந்தி ரெண்டும் ஒரு பக்கம். பிறகு எதிரி. பிறகு திரும்பியும் ஒரு பக்கம்."

"அவனுக்குக் கோபம் இல்லையோ, ஸஹாப்தீன் நானா?" என்று எல்சி கேட்டாள்.

"ஆர் கண்டது மகள்? வாழைப்பழம் கேட்டான். ஒரு சீப்புக் குடுத்தன். நிண்ட இடத்திலயே திண்டான்."

"அது அரசாங்கங்கள் செய்யிற வேலை" என்றான் பேணாட். "தொழிலாளி அப்பிடிச் செய்யமாட்டான்."

ஆரியதாச சிரித்தான். "அதுதான் மச்சான், ஒவ்வொரு ஞாயிறும் நீ தோக்கிறாய்."

பேணாட் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. பட்டறைத் தொழிலாளர் சங்கக் கிளைக்கு அவன்தான் செயலாளர், ஆரியதாச தலைவன். சங்கம் கொழும்பிலிருந்த ஓர் இடதுசாரிக் கட்சியைச் சேர்ந்தது. ஐம்பத்தாறில் நாடெங்கும் சிங்களம் மட்டும் என்று கூச்சல் கிளம்பியபோது, இரண்டு மொழிக்கும் ஒரே இடம் வேண்டும் என்று அந்தக் கட்சி சொன்னது. ஆரியதாச லீவில் ஊருக்குப் போனபோது மாத்தறைச் சந்தியில் மேடையேறி அதையே சொன்னான். அவனுடைய சொந்த ஊர்க்காரன் ஒருவன் எறிந்த கல் நெற்றியைப் பிளந்தது. கட்டுப்போட்ட தலையோடுதான் திருகோணமலைக்குத் திரும்பி வந்தான்.

ஐம்பத்தெட்டுக் கலவரத்தில், தெற்கே தமிழருக்கு நடந்தவற்றுக்குப் பழிவாங்க வேண்டும் என்று ஒரு கூட்டம் பொல்லும் கத்தியுமாக வீதியில் இறங்கியது. ஆரியதாசவும் அவனுடைய மனைவி குசுமாவும் பேணாட்டின் வீட்டுக்குள், எல்சியின் படுக்கையறையில், கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். கூட்டம் வாசலுக்கு வந்து கேட்டபோது, "உள்ளுக்கு ஒருத்தரும் இல்லை" என்று பேணாட் சொன்னான். ஒரு பொல்லு அவனுடைய தோளில் விழுந்தது. அப்போதும் அதையேதான் சொன்னான். அந்த நாட்களில் குசுமா எல்சியிடம் தமிழ் கற்றுக்கொள்ளத் தொடங்கினாள்.

பிறகு அறுபதில் அரசாங்கம் கத்தோலிக்கக் கோயில்களின் பள்ளிக்கூடங்களைக் கையேற்றது. கட்சி அதை ஆதரித்தது. விட்டுக்கொடுக்கமாட்டோம் என்று பெற்றோர் பள்ளிக்கூடங்களுக்குள்ளே பாய் விரித்துக் காவலிருந்தார்கள். எல்சியும் அவர்களோடு இருந்தாள். பேணாட் போகவில்லை. சங்கம் சொன்னதை மீறமாட்டேன் என்றுவிட்டான். அதற்குப் பிறகு ஞாயிறு பூசையில் அவன் இருந்த வாங்குப் பலகையில் பக்கத்தில் ஒருவரும் வந்து இருக்கவில்லை. எல்சி மாத்திரம் இருந்தாள். அவளும் வழியில் அவனோடு கதைக்காமல்தான் வந்தாள். அந்தக் கசப்பு ஆறுவதற்கு இரண்டு வருடம் சென்றது. இவ்வளவையும் அவன் சங்கத்துக்காகப் பொறுத்துக்கொண்டான்.

அறுபத்தாறாம் ஆண்டு தை மாதம் பிறந்தவுடன் கொழும்பிலிருந்து தலைமைச் சங்கத்துத் தோழர் ஒருவர் ரயிலில் வந்து இறங்கினார். தேத்தண்ணிக் கடைக்கு மேலே இருந்த சங்க அறையில் கூட்டம் நடந்தது. தமிழ் பேசுகிறவர்களும் சிங்களவருமாக அறை நிறைந்திருந்தது. மழை ஈரத்தில் நனைந்த சட்டைகளின் வாடை வீசியது.

தோழர் சிங்களத்தில் பேசினார். வழக்கம்போல ஆரியதாச பக்கத்தில் நின்று தமிழில் சொன்னான். வருகிற சனிக்கிழமை நாடு முழுக்க வேலைநிறுத்தம். அரசாங்கத்துக்கு எதிராக எல்லோரும் வெளியே வர வேண்டும். அதுவரை சரி. பிறகு தோழர் குரலை உயர்த்தி நீளமாக ஏதோ சொன்னார். சிங்களத் தொழிலாளரில் சிலர் கை தட்டினார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஆரியதாச நெற்றியைத் துடைத்தான். "அரிசி விலை, சாமான் விலை எல்லாம் கூடிப்போச்சு. இந்த அரசாங்கம் தொழிலாளியை நெரிக்குது. அதுக்கு எதிராத்தான் இந்தப் போராட்டம் எண்டு தோழர் சொல்லுறார்."

பேணாட்டுக்குச் சிங்களம் பேச வராது, கேட்டால் விளங்கும். எழுந்து நின்றான்.

"அவர் அப்பிடிச் சொல்லேல்லை."

பின்னால் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"அவர் என்ன சொன்னவரோ அதைச் சொல்லு, ஆரியதாச."

"பேணாட், இரு. பிறகு கதைப்பம்."

"பிறகு இல்லை. இப்ப சொல்லு. இவ்வளவு பேரும் கேக்கட்டும்."

ஆரியதாச தோழரைப் பார்த்தான். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "பாராளுமன்றத்துக்குத் தமிழ் மொழிச் சட்டவிதி கொண்டு வரப்போறாங்களாம். அது வந்தா நாடு ரெண்டாப் பிரிஞ்சிடுமாம். அதை நிப்பாட்டத்தான் வேலைநிறுத்தம்."

வடக்கிலும் கிழக்கிலும் அரசாங்க வேலையைத் தமிழில் நடத்தலாம் என்பதுதான் அந்தச் சட்டவிதி. ஒரு தமிழன் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் தன் விண்ணப்பத்தைத் தன் மொழியில் கொடுப்பதற்கு மேல் என்ன கேட்டுவிட்டான்? அதை எதிர்த்துத் தன்னுடைய வாயாலேயே தமிழ்த் தொழிலாளரை வெளியே வரச் சொல்ல வேண்டும். செயலாளர் என்ற முறையில் அது பேணாட்டின் வேலை.

"நோட்டீஸ் எங்க?" என்று கேட்டான் பேணாட். தோழர் ஒரு கட்டைத் தூக்கி மேசையில் வைத்தார். எல்லாம் சிங்களத்தில் இருந்தன.

"முந்தி ரெண்டு மொழியிலயும் அடிச்சுத்தானே அனுப்புவீங்கள்?"

ஆரியதாச அதை மொழிபெயர்த்தான். தோழர், நேரம் போதவில்லை என்று சொன்னார். பேணாட் படியிறங்கிப் போனான். தமிழ்த் தொழிலாளர் ஒவ்வொருவராகப் பின்னால் இறங்கினார்கள்.

கடற்கரை வீதியில் ஆரியதாச ஓடி வந்து அவனைப் பிடித்தான்.

"மச்சான், ஒரு நாள். ஒரே ஒரு நாள் வேலைநிறுத்தம். அதுக்குப் பிறகு எல்லாம் பழையபடி."

"பழையபடி எண்டா எது? உன்ரை நெத்தியில கல்லுப்பட்ட நாளோ?"

ஆரியதாச நெற்றியைத் தொடவில்லை. தொடாமலிருக்க முயன்றதுபோல் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"அண்டைக்குக் கல் எறிஞ்சவன் இண்டைக்கு எங்கட கட்சியோட நிக்கிறான், பேணாட். கட்சிதான் அவனைச் சேர்த்தது. நான் என்ன செய்ய? கட்சியை விட்டா எனக்கு ஆர் இருக்கு? உனக்கு எண்டா தமிழ்க்கட்சி இருக்கு."

"அவங்கள் மட்டும் என்ன? நேற்று வரைக்கும் எதிரி எண்டு சொன்னவங்களோட இண்டைக்கு அரசாங்கத்தில இருக்கிறாங்கள்."

"அப்ப எல்லாரும் ஒண்டுதானே."

"நாங்கள் ரெண்டு பேரும் அப்பிடி இல்லை எண்டுதான் நான் நினைச்சிருந்தனான்" என்றான் பேணாட்.

அடுத்த நாள் ஞாயிறு. ஒருவரும் வரமாட்டார்கள் என்று எல்சி நினைத்தாள். ஆனால் ஸஹாப்தீனும் வந்தார், ஆரியதாசவும் வந்தான். வராமல் விட்டால் அதுவே ஒரு பேச்சாகிவிடும் என்று இருவரும் எண்ணியிருக்கலாம். பலகையை விரித்தார்கள். பேணாட்டும் ஆரியதாசவும் வழமைபோலக் கொடி மாற்றிக்கொண்டார்கள். ஆட்டம் கதையில்லாமல் நகர்ந்தது. பாதியில், தன்னுடைய முறை வந்தபோது, பேணாட் ஆரியதாசவின் கொடியைப் பிடுங்கி அவன் முன்னால் வைத்தான். கப்பலை நகர்த்தி அவனுடைய பெரிய துறைமுகத்தைப் பிடித்தான்.

எல்சி கணவனுடைய முகத்தைப் பார்த்தாள். எட்டு வருடத்தில் அவன் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

"இப்பதான் ஆடப் பழகியிருக்கிறாய்" என்றான் ஆரியதாச. பகிடியாகச் சொல்லத்தான் நினைத்தான். குரல் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, குசுமாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லி எழுந்து போனான்.

ஸஹாப்தீன் ஈயக் கப்பல்களைப் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டார். "சனிக்கிழமை என்ன செய்யப்போறீங்க தம்பி?"

"தெரியேல்லை. வீட்டில நிக்கலாம் எண்டு பாக்கிறன்."

"வீட்டில நிண்டா வேலைநிறுத்தக் கணக்குத்தான். போனா மற்றக் கணக்கு. நடுவில நிக்க எடமில்ல. நான் போறன். எனக்குப் படகு ஓட்டுறதுதான் தெரியும்."

வெள்ளிக்கிழமை தமிழ்க்கட்சியின் தொழிற்சங்கத்து ஆள் சோமசேகரம் வீடு தேடி வந்தான். முன்பு கூட்டங்களில் பேணாட்டைக் காட்டிக்கொடுப்பவன் என்று பேசியவன். இப்போது கதிரையை இழுத்துப் போட்டு, "அண்ணை, எங்களோட வாங்கோ. உங்களுக்குரிய மரியாதை கிடைக்கும்" என்றான். பேணாட் அவனை அனுப்பிவிட்டுக் குசினிக்குள் போனான்.

"எல்சி, நீர் என்ன சொல்லுறீர்?"

"பள்ளிக்கூடப் பிரச்சினையில நீங்கள் என்னைக் கேக்கேல்லையே" என்றாள் அவள். பிறகு, அடுப்பைப் பார்த்தபடியே, "போங்கோ. வேலைக்குப் போங்கோ. சங்கத்துக்காரர் சொல்லுறதுக்கு நீங்கள் வெளியில நிண்டா, நான் பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்கு முன்னால எப்பிடி நிக்கிறது?" என்றாள்.

சனிக்கிழமை காலையில் தூறல். பட்டறை வாசற் கேற்றடியில் பொலிசார் நின்றார்கள். சிவப்புக் கொடிகளோடு சிங்களத் தொழிலாளர் கூட்டம் ஒரு பக்கமாக நின்றது, முன்னால் ஆரியதாச. தமிழரும் முஸ்லிம்களும் எதிர்ப்பக்கத்து மரத்தடியில் உள்ளே போவதா விடுவதா என்று தயங்கிக்கொண்டிருந்தார்கள். பேணாட் என்ன செய்யப்போகிறான் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

அவன் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு நடந்தான். ஆரியதாச ஒரு கையை உயர்த்தி உரத்துச் சொன்னான், தமிழில்: "தோழர் பேணாட், இஞ்சால வாங்கோ. உங்கட இடம் இஞ்சதான்."

பேணாட் நிற்கவில்லை. கேற்றுக்குள் சைக்கிளின் முன் சில்லு ஏறியபோது கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து யாரோ ஒரு கோஷத்தைத் தொடங்கினான். கொழும்பு வீதிகளில் போட்டுக்கொண்டிருந்த கோஷம். பிரதமரின் வயிற்றுக்குள் மசாலை வடை இருக்கிறது என்று சிங்களத்தில், எதுகையோடு. வடை என்றால் தமிழர், பிரதமர் அவர்களுக்கு விலைபோய்விட்டார் என்ற கேலி அது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு வரி முடிய எல்லோரும் சிரித்துக்கொண்டு திரும்பச் சொன்னார்கள்.

பேணாட் திரும்பிப் பார்த்தான். ஆரியதாச சிரிக்கவில்லை. ஆனால் அவனுடைய வாய் அசைந்தது. மற்றவர்களோடு சேர்ந்து அந்தச் சொற்களை அதுவும் சொன்னது.

பேணாட் உள்ளே போனான். மரத்தடியில் நின்றவர்கள் அவனுக்குப் பின்னால் உள்ளே போனார்கள்.

அன்று கொழும்பில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பின்னேரம் ரேடியோவில் அவசரகாலச் சட்டம் அறிவித்தார்கள். வேலைநிறுத்தம் செய்தவர்கள் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். பிறகு விசாரணை வந்தது. வெறுமனே வராமல் நின்றவர்களை மன்னித்து எடுப்பார்கள், மற்றவர்களைத் தூண்டிவிட்டவர்களை எடுக்கமாட்டார்கள் என்று பேச்சு அடிபட்டது.

சாட்சி சொல்ல ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ஸஹாப்தீன், தான் விடியவே படகில் ஏறிவிட்டதாகவும் கரையில் நடந்த ஒன்றும் தெரியாதென்றும் சொல்லிவிட்டு வந்தார். அவர் அன்று மரத்தடியில் நின்றதைப் பேணாட் கண்டிருந்தான். வேறு சிலர், கூட்டமாக இருந்தது, மழை பெய்தது, யார் என்று தெரியவில்லை என்றார்கள்.

பேணாட் போனபோது மேசைக்கு ஒரு பக்கத்தில் அதிகாரிகள் இருந்தார்கள். மறு பக்கத்தில், சுவரோடு போட்ட கதிரையில் ஆரியதாச. கழுத்துப் பொத்தானைப் பூட்டியிருந்தான். பேணாட்டைக் கண்டதும் அவனுடைய முகத்தில் ஒரு ஆறுதல் தெரிந்தது.

"கேற்றடியில் தொழிலாளரை வேலைக்குப் போகவிடாமல் கூப்பிட்டது யார் என்று உமக்குத் தெரியுமா?"

"ஓம்."

"யார்?"

"ஆரியதாச. அவர்தான் முன்னுக்கு நிண்டவர். என்னையும் கூப்பிட்டவர்."

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. வெளியே வந்து பேணாட் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே போகும்வரை என்ன சொல்லப்போகிறான் என்று அவனுக்கே தெரியாது. கேள்வி வந்தபோது அந்த வாய் அசைந்தது மட்டுமே கண்ணுக்கு முன்னால் நின்றது.

எல்சிக்கு அன்று பின்னேரமே செய்தி போய்விட்டது.

"வேலைக்குப் போனது சரி" என்றாள் அவள். "நானும்தான் போகச் சொன்னனான். ஆனா அந்தக் கேள்விக்குத் தெரியாது எண்டு சொல்ல ஏலாதோ?"

"என்னைப் பொய் சொல்லச் சொல்லுறீரோ?"

"ஐம்பத்தெட்டில உள்ளுக்கு ஒருத்தரும் இல்லை எண்டு சொன்னது ஆர்? தோளில அடியும் வாங்கிக்கொண்டு சொன்னீங்களே. அப்ப சொல்ல ஏலுமாயிருந்தது."



ஆரியதாசவின் வேலை போனது. வேலையோடு சேர்ந்து குவார்ட்டர்சும் போனது. அவர்கள் சாமான் ஏற்றுகிற அன்று எல்சி தனியே போனாள். குசுமா பாய்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள். எல்சி மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தாள். குசுமா மறுக்கவில்லை. ஆனால் அன்று முழுக்கச் சிங்களத்தில் மட்டுமே பேசினாள். எட்டு வருடமாக எல்சியிடம் படித்த தமிழில் ஒரு சொல்லும் அவள் வாயிலிருந்து வரவில்லை. லொறி கண்டி வீதியில் ஏறிப் போனபோது எல்சி கையை அசைத்தாள். குசுமா பார்த்துக்கொண்டே போனாள்.

பேணாட் எந்தச் சங்கத்திலும் சேரவில்லை. சோமசேகரம் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனான். கப்பல் ஆட்டப் பலகையை எல்சி யாரிடமும் கேட்காமல் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள். ஸஹாப்தீன் பட்டறையில் கண்டால் சலாம் சொல்லுவார், சுகம் கேட்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்திவிட்டார்.

எழுபதில் தேர்தலில் அரசாங்கம் மாறியது. ஆரியதாசவின் கட்சி கூட்டரசாங்கத்தில் ஏறியது. அறுபத்தாறில் வேலை இழந்தவர்களைத் திரும்ப எடுத்தார்கள். ஒரு காலை ஆரியதாச பட்டறைக் கேற்றுக்குள் வந்தான். தலை நரைத்திருந்தது. பட்டறையில் புதிதாக அமைத்த தொழிலாளர் குழுவுக்கு அவன்தான் தலைவன் என்றார்கள். இனிப் பேணாட்டின் கதை முடிந்தது, கொழும்புக்கோ காலிக்கோ தூக்கி எறிவார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பேணாட்டும் அதற்காகக் காத்திருந்தான். அப்படி ஏதாவது வந்தால் நல்லது என்றுகூட அவனுக்குத் தோன்றியது. ஒன்றும் வரவில்லை. ஆரியதாச வெல்டிங் பகுதிப் பக்கம் வருவதேயில்லை. வழியில் எதிர்ப்பட்டால், அங்கே ஒருவரும் இல்லாததுபோல் கடந்து போவான்.

அந்த மாரியில் ஸஹாப்தீன் மௌத்தானார். படகுத்துறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் எழும்பவில்லை. அன்றைக்கே அடக்கம் என்று கேள்விப்பட்டுப் பேணாட் அரைநாள் லீவு போட்டுக் கிண்ணியாவுக்கு பஸ் ஏறினான். துறையில், பாதை என்று ஊரார் சொல்லும் மிதவைப் படகில் சனமும் சைக்கிள்களும் ஏறிக்கொண்டிருந்தன. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பிறகுதான் பக்கத்தில் நிற்பது ஆரியதாச என்று கண்டான். நகர்ந்து போக இடமில்லை.

பாதை நகர்ந்தது. மழைத்தண்ணீர் கலங்கி ஓடிக்கொண்டிருந்தது.

"விசாரணையில நீ பொய் சொல்லேல்லை" என்றான் ஆரியதாச, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

"இல்லை."

"சொல்லியிருக்கலாம்."

"நீயும் அண்டைக்கு வாயைத் திறக்காம நிண்டிருக்கலாம்."

ஆரியதாசவுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது கம்பியை இறுகப் பிடித்தான். "அதைக் கண்டனியோ?"

"கண்டனான்."

"எல்லாரும் சொன்னாங்கள். நானும்..." அவன் முடிக்கவில்லை. அக்கரை கிட்ட வந்துகொண்டிருந்தது. சனம் இறங்க ஆயத்தமானது. "குசுமா இல்லை, தெரியுமோ?"

"என்ன?"

"அறுபத்தெட்டில. எனக்கு வேலை இல்லை, ஊரில ஆரும் கிட்ட எடுக்கேல்லை. ஐம்பத்தாறில நான் பேசினதை அவங்கள் மறக்கேல்லை. இரட்டைமொழிக்காரன் எண்டுதான் கூப்பிட்டாங்கள். அவள் ஊறப்போட்ட தேங்காய் மட்டையில தும்பு அடிக்கப் போனாள். நாள் முழுக்கத் தண்ணிக்குள்ள நிண்டு வேலை. இருமல் வந்தது. கொழும்புக்குக் கொண்டு போகேக்க நேரம் கடந்து போச்சு."

பாதை கரையில் முட்டிக் குலுங்கியது.

மையவாடியில் ஸஹாப்தீனுடைய ஆட்கள் மண் போட்டு முடியும்வரை இருவரும் வேலிக்கு வெளியே பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அவருடைய மகன் பாயிஸ் வந்து இருவருடைய கையையும் பிடித்து, "வாப்பா கடைசி வரைக்கும் உங்க ரெண்டு பேரட கதைதான் கதைச்சார்" என்றான். அவனைத் தேற்றுவதற்கு ஆரியதாச ஏதோ சொன்னான். பிறகு இருவரும் துறைக்கு நடந்தார்கள். பாதை நிரம்பியிருந்தது, இன்னும் ஒருவருக்குத்தான் இடம் என்றார்கள். பேணாட் ஆரியதாசவைப் போகச் சொன்னான். அவன் ஏறிப் போனான், திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து எல்சியிடம் குசுமாவின் செய்தியைச் சொன்னான். எல்சி கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து கிணற்றடிக்குப் போய்த் துவைகல்லில் இருந்தாள். பேணாட் பின்னால் போய் நின்றபோது, "இண்டைக்கு என்னோட ஒண்டும் கதையாதேங்கோ" என்றாள். அவள் இன்றைக்கு என்றுதான் சொன்னாள். ஆனால் அந்த வீட்டில் அதற்குப் பிறகு சாப்பாட்டையும் சம்பளத்தையும் தவிர வேறு கதை அதிகம் இருக்கவில்லை.

அடுத்த வருடம் ஆரியதாச காலித் துறைமுகத்துக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

எழுபத்திரண்டில் தமிழ்க்கட்சிகள் ஒன்றாகச் சேர்ந்து திருகோணமலையில் ஒரு கூட்டம் வைத்தன. ஒருவரையொருவர் துரோகி என்று ஏசிக்கொண்டு திரிந்தவர்கள் ஒரே மேடையில் வரிசையாக இருந்தார்கள். சோமசேகரம் வந்து பேணாட்டைக் கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு போனான். வேண்டாம் என்று சொல்லும் உரம் பேணாட்டிடம் மிஞ்சியிருக்கவில்லை. மேடையில் கதிரை போட்டு இருத்தினார்கள். ஒலிபெருக்கியில் சோமசேகரம் முழங்கினான்:

"அறுபத்தாறில் இந்தத் துறைமுகத்தின் வாசலில், தாய்மொழிக்காக நெஞ்சை நிமிர்த்தி உள்ளே நடந்தவர் இவர்! அதோடு நிற்கவில்லை. வேலைநிறுத்தத் தலைவனை விசாரணை மண்டபத்தில் அடையாளம் காட்டி, இந்த மண்ணை விட்டே துரத்தியவர்!"

கைதட்டல் நீண்ட நேரம் ஓயவில்லை. கழுத்தில் ஒரு மாலை விழுந்தது. ஈர மல்லிகை, அதன் நூல் பிடரியில் அறுத்தது. பேணாட் எழுந்து நின்றான். அவன் பேசப்போகிறான் என்று நினைத்து ஒலிபெருக்கியை அவன் பக்கம் திருப்பினார்கள். சனம் அமைதியானது. முன்வரிசையில் எல்சியிடம் படித்த இளைஞர் சிலர் அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

ஆரியதாச தன்னுடைய சிநேகிதன் என்று சொல்ல வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. அதற்குமேல் ஒரு வசனமும் வரவில்லை. அந்த ஒரு வசனத்தைக்கூட அந்த இடத்தில் சொல்ல அவனுக்குத் துணிவு இருக்கவில்லை. கைகூப்பினான். மறுபடியும் கை தட்டினார்கள். கூட்டம் முடியும்வரை மாலையோடு அந்தக் கதிரையிலேயே இருந்தான்.